நூலகத்தில் விளையாட ஓர் அறை: பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் தலைவர்களுக்கும், நூல் தேர்வில் பங்குகொள்ளும் அறிஞர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வசிக்கும் கணித ஆசிரியை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருந்த கிளை நூலகத்தில் என் தந்தை என்னை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். வெளியூரில் படித்த சில ஆண்டுகள் நீங்கலாக, அன்று முதல் இன்றுவரை நூலக அட்டை இல்லாமல் நான் இருந்ததில்லை. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறவள் என்ற முறையிலும், நாள்தோறும் ஐந்து வகுப்புகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறவள் என்ற முறையிலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் வீடியோ கேம் விளையாடுவதற்கென்று ஓர் அறை வேண்டும். அந்த அறையில் எந்தெந்த விளையாட்டுகள் இருக்கலாம் என்பதை, நூல்களைத் தேர்ந்தெடுப்பதுபோலவே, விளையாடிப் பார்த்து நிறை குறை அறிந்த ஒரு குழு தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்பதை ஓரளவு அறிவேன். செல்பேசியிலிருந்து பிள்ளைகளை மீட்பதற்காகத்தான் பெற்றோர் அவர்களை நூலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் விளையாட்டுத் திரையை வைத்தால் மீட்பதற்கு வேறு இடம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்வதற்கு முன் இன்னொரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. மனிதர்கள் ஏன் வீடியோ கேம் விளையாடுகிறார்கள்? சோம்பலினால் என்றும், பழக்க தோஷத்தினால் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாற்பது வயதைக் கடந்த பிறகும் விளையாடிக்கொண்டிருக்கிற எனக்கு அந்த விடை போதவில்லை.

1996-இல் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், வாடகை சைக்கிள் கடையை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்றில் வீடியோ கேம் கடை இருந்தது. ஆளுயரப் பெட்டிகள் மூன்று. ஒரு ரூபாய்க் காசு போட்டால் ஓர் ஆட்டம். அவற்றுள் எப்போதும் கூட்டம் நிற்கும் பெட்டியை எல்லாரும் ‘முஸ்தபா’ என்றே அழைத்தார்கள். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதுதான் அதன் பெயர் என்று எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து. அந்த விளையாட்டின் நாயகர்களில் ஒருவனது பெயரையே தமிழ்நாட்டுச் சிறுவர்கள் விளையாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். என் அண்ணனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் ஆளுக்கொரு காசு போட்டுத் தோளோடு தோள் உரச நிற்பார்கள். திரையில் ஒருவனுக்கு உயிர் குறைந்துவிட்டால், வழியில் கிடக்கும் உணவை மற்ற இருவரும் தொடாமல் விலகிக்கொண்டு, “நீ எடுத்துக்கடா” என்று அவனுக்கு விட்டுக்கொடுப்பார்கள். வீட்டில் முறுக்குத் தட்டுக்காக என்னோடு மல்லுக்கட்டும் அதே அண்ணன்தான் அங்கே அப்படி விட்டுக்கொடுத்தான்.

நான் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தவள். பன்னிரண்டு வயதுப் பெண் அந்தக் கொட்டகைக்குள் நுழைவது நடக்காத காரியம். ஒருநாள் ஒரு ரூபாயைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்; கடைக்காரர், “பாப்பா, இங்கெல்லாம் வரக்கூடாது, வீட்டுக்குப் போ” என்று அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதனால் அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியவில்லை. நேராகக் கிளை நூலகத்துக்குப் போய் மூடும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த ஊரில் ஒரு பெண் குழந்தை காரணம் சொல்லாமல் போய் உட்காரக்கூடிய ஒரே பொது இடம் அதுவாகத்தான் இருந்தது. இந்த மடலின் கோரிக்கை அன்றைக்கே என் மனத்தில் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறு வருடம் வீட்டுக்கு ‘டிவி கேம்’ வந்தது. தொலைக்காட்சியில் இணைத்து, மேலே கேசட் செருகி விளையாடும் பெட்டி. மாரியோவின் முதல் கட்டத்தில் முதல் பள்ளத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. எத்தனை முறை விழுந்தேன் என்பது நினைவில்லை. விழுந்ததற்காக யாரும் என்னைத் திட்டவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதே ஆண்டில் கணிதக் காலாண்டுத் தேர்வில் நான் வாங்கிய 31 மதிப்பெண், விடைத்தாளில் தந்தையின் கையெழுத்து வாங்கும் வரை என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. ஓரிடத்தில் தோல்வி என்பது அடுத்த முயற்சிக்கு முன் வரும் அரை நொடி. இன்னோரிடத்தில் தோல்வி என்பது தீர்ப்பு. கணிதம் கற்பிக்க வந்த பிறகு இந்த வேறுபாட்டைப் பற்றி நான் சிந்திக்காத நாள் குறைவு. என் மாணவர்களில் கணக்குக்கு அஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கைக் கண்டு அஞ்சுவதில்லை. தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்டே அஞ்சுகிறார்கள். விளையாட்டில் தவறு செய்ய அவர்களுக்குத் தயக்கமே இல்லை, ஏனெனில் அங்கே தவறுக்குக் கொடுக்க வேண்டிய விலை சிறியது, அதைத் திருத்திக்கொள்ளும் வழியோ கண்முன்னே இருக்கிறது.

மனிதர்கள் ஏன் விளையாடுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு விளையாட்டு நம்மை ஈர்ப்பதற்கான காரணங்களை மனித மனத்தின் மூன்று தேவைகளோடு இணைத்துக் காட்டியது: ஒன்றைச் செய்யும் திறன் தனக்கு வளர்கிறது என்ற உணர்வு, தன் விருப்பப்படி செயல்படுகிறோம் என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு. இம்மூன்றும் பள்ளியிலும் வேலையிலும் வீட்டிலும் நிறைவேறினால் நல்லதுதான். நிறைவேறாத இடத்தில் பிள்ளைகள் அவற்றை விளையாட்டில் தேடுகிறார்கள் என்றால், அந்தத் தேடலைக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

திறன் வளர்வது என்றால் என்ன என்பதற்கு டெட்ரிஸைவிட எளிய சான்று கிடையாது. 1980-களின் நடுவில் மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு அது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் தோற்றே ஆக வேண்டும். எட்டாம் வகுப்பில் இந்த ஏழு வடிவங்களையும் அட்டையில் வெட்டிக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்து ஒரே செவ்வகமாக அடுக்க முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். மொத்தம் 28 சதுரங்கள் வருகின்றன. நான்குக்கு ஏழு என்றோ, இரண்டுக்குப் பதினான்கு என்றோ செவ்வகம் அமைய வேண்டும் அல்லவா? வகுப்பு முழுவதும் இரண்டு நாட்கள் முயன்றது. முடியவில்லை. பிறகு செவ்வகத்தைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையாக வண்ணமிட்டுப் பார்த்தோம். செவ்வகத்தில் கறுப்பு 14, வெள்ளை 14. ஆறு வடிவங்கள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடுகின்றன. ஆங்கில எழுத்து ‘T’ போன்ற வடிவம் மட்டும் மூன்றுக்கு ஒன்று என்று மூடுகிறது. ஆகவே எப்படி அடுக்கினாலும் கணக்கு இடிக்கும், செவ்வகம் அமையாது. ஒன்று முடியாது என்பதைக்கூட நிறுவ முடியும் என்று அந்த வகுப்பு அன்றுதான் கண்டுகொண்டது. பாடப்புத்தகத்தை வைத்து அந்த வியப்பை நான் உண்டாக்கியிருக்க முடியாது. அந்த வடிவங்களோடு அவர்கள் விரல்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

விருப்பப்படி செயல்படுவது என்பதற்கு மைன்கிராஃப்டைச் சொல்லலாம். கனசதுரக் கட்டிகளை வெட்டி எடுத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம்; என்ன கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்பு அமைப்பு, அந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்ந்து 2012-இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், நேபாளத்தின் கீர்த்திபூர் உள்ளிட்ட பல ஊர்களின் மக்கள் தங்கள் பகுதியின் பொது இடம் எப்படி அமைய வேண்டும் என்பதை மைன்கிராஃப்டில் கட்டிக்காட்டினார்கள். நகரமைப்பு வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்ல அது வழி செய்தது. நம் பேரூராட்சிக் கூட்டங்களில் பூங்காவின் வரைபடத்தை எத்தனை பேருக்கு விளங்கும்படி காட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

சேர்ந்திருப்பதைப் பற்றிச் சொல்லும்போது நார்வே நாட்டின் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷென் நோயோடு பிறந்தவர் அவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து, கடைசி ஆண்டுகளின் பெரும்பகுதியை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் கழித்தார். தங்கள் மகன் நட்பையோ காதலையோ அறியாமல், பிறருக்குப் பயன்படவும் வாய்ப்பின்றித் தனிமையில் வாழ்கிறான் என்றே பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். 2014-இல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை எழுதி வைக்க, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. விளையாட்டுக்குள் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் பலருடைய நெருங்கிய நண்பராக இருந்திருக்கிறார். குடும்பச் சிக்கலில் இருந்தவர்களுக்கு மணிக்கணக்கில் செவிகொடுத்திருக்கிறார். அவர்களில் சிலர் அவருடைய இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார்கள். அதுவரை அவரை அவர்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அந்தப் பெற்றோரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. பிள்ளையின் மீது அவர்களுக்கு அன்பு குறைவாக இருந்ததில்லை. அவன் திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பதை மட்டுமே அவர்களால் காண முடிந்தது, திரைக்குள் அவன் யாராக இருந்தான் என்று கேட்க அவர்களுக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. நம் வீடுகளிலும் “எப்பப் பாத்தாலும் கேம்” என்ற ஒரே வாக்கியத்தைத் தவிர விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு வேறு சொற்கள் நம்மிடம் இல்லை.

நூலுக்கு நிகரான ஒன்றை விளையாட்டு தர முடியுமா என்று உங்கள் தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். அவருக்காக ‘வெண்பா’ என்ற விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர், பாவலன் அவருடைய கணவர், கவின் மகன். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. பக்கங்கள் கறைபட்டும் கிழிந்தும் போயிருக்கின்றன. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டியதுதான் நம் வேலை. முதலில் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேருக்கு நேர் அடுக்கினால் ஆவி மேலே போகாது. ஒரு தட்டின் குழிகளுக்கு மேலே அடுத்த தட்டின் துளைகள் வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். என் பாட்டி சொல்லாமலே செய்ததை, ஒரு விளையாட்டு எனக்குப் புதிராகப் போட்டு, தவறாக அடுக்கவிட்டு, பிறகு சரியாக அடுக்க வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. மகன் வளர்ந்து தமிழிலிருந்து விலகிப்போய், ஒருநாள் தானே அந்தக் குறிப்பேட்டைக் கையில் எடுக்கும் கட்டத்தில், அவனுடைய தயக்கம் நம் விரல்களுக்கு வந்துவிடுகிறது. இதை ஒரு கதையாக நான் படித்திருந்தால் அவனுக்காக இரங்கியிருப்பேன். விளையாட்டாக வந்ததால் அவனுடைய இடத்தில் நின்று தவறு செய்தேன். எழுத்தில் கிடைக்காத இந்த அனுபவத்துக்காகத்தான் இந்த ஊடகத்தைத் தனியாக மதிக்க வேண்டும் என்கிறேன். 2024-இல், திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் விருது வழங்கும் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, ஒரு குழுவின் முதல் விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த விளையாட்டைத் தமிழ்நாட்டின் எத்தனை தமிழாசிரியர்கள் அறிவார்கள்? அறியாதது அவர்கள் பிழையில்லை. அதைக் கண்டெடுத்து மேசைமீது வைக்க வேண்டிய நிறுவனம் இதுவரை அப்பணியை ஏற்கவில்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தால் இம்மாநிலத்தில் குடும்பங்கள் கடன்பட்டுச் சிதைந்ததை எல்லாரும் அறிவோம். அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகள் இயங்கக் கூடாது என்று விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பண விளையாட்டுகளை, போட்டிகளாக நடக்கும் மின்விளையாட்டிலிருந்தும் பொழுதுபோக்கு விளையாட்டிலிருந்தும் பிரித்து, பண விளையாட்டுகளை மட்டும் தடை செய்தது. இந்தப் பிரிவினையை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் பண விளையாட்டு என்று சட்டம் சொல்லாத இடத்திலும் கெடுதல் இருக்கிறது. என் தங்கை மகன், பதினொரு வயது, பாட்டியின் செல்பேசியிலிருந்து ஒரு விளையாட்டில் ஆயுதங்களுக்கு வண்ணம் பூசும் ‘ஸ்கின்’ வாங்குவதற்காக மூன்று வாரங்களில் 6,400 ரூபாய் செலவழித்திருந்தான். ஒவ்வொன்றும் 80 ரூபாய், 160 ரூபாய் என்று சிறிது சிறிதாகப் போயிருந்தது. பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் வகையில் அவற்றை விற்கிறார்கள். இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று கருதி பெல்ஜியம் 2018-இலேயே நடவடிக்கை எடுத்தது. அந்தப் பையனோடு உட்கார்ந்து அந்த விளையாட்டை ஒரு மாலை முழுவதும் நானும் ஆடிப் பார்த்தேன். ஒரு நாள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்கிறது, நண்பர்கள் முந்திவிட்டார்கள் என்கிறது, இன்னும் பத்து நிமிடம் இருந்தால் இரட்டிப்பாகத் தருகிறேன் என்கிறது. எழுந்து போகிறவனின் சட்டையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரரைப் போன்றது அது. முஸ்தபா கடைக்காரர்கூட அப்படி இழுத்ததில்லை. காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

என் அனுபவத்தில், ஒரு விளையாட்டின் தகுதியைப் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில் எடை போட்டுவிடலாம்: அது நம்மை எழுந்து போக விடுகிறதா? வெண்பா முடிந்துவிடுகிறது. டெட்ரிஸில் ஒவ்வொரு தோல்வியும் எழுந்து போவதற்கான வாசல். மைன்கிராஃப்டில் கட்டிய வீடு நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஆடி முடித்த பிறகு நம்மிடம் ஏதாவது மிஞ்சுகிறதா, அல்லது நாம் மிச்சம் வைத்திருந்ததையும் அது எடுத்துக்கொண்டதா என்பதைப் பதினொரு வயதுப் பையனிடம் பொறுமையாகக் கேட்டால் அவனே சொல்லிவிடுவான். என் தங்கை மகன் சொன்னான். கோபமாகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

அடிமையாதல் உண்மையான நோய் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று 2022 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதன் வரையறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். நீண்ட நேரம் விளையாடுவது மட்டுமே நோயாகிவிடாது. விளையாட்டின் மீதான கட்டுப்பாடு தளர்ந்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது வந்து அமர்ந்து, தீங்கு நேர்ந்த பிறகும் நிறுத்த முடியாத நிலை பொதுவாக ஓராண்டுக்கேனும் நீடித்து, படிப்பையும் உறவையும் கடுமையாகப் பாதித்தால்தான் அதை நோய் என்கிறார்கள். வன்முறை பற்றியும் ஒரு சொல். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம், வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற செயல்களுக்கும் சிறிய தொடர்பு இருப்பதாகவும், உண்மையான வன்செயல்களுக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. நூலகத்தில் வைக்கும் விளையாட்டுகளை வயது பார்த்துத் தேர்ந்தெடுக்க இந்த அளவு எச்சரிக்கை போதும்.

தேர்ந்தெடுப்பது உங்கள் துறைக்குப் புதிதில்லை. எந்த விளையாட்டைப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பதை இன்று விளம்பரங்களும், செல்பேசியில் முதலில் தோன்றும் பட்டியலும்தான் தீர்மானிக்கின்றன. பெற்றோருக்கு நேரமில்லை, ஆசிரியர்களுக்குத் தெரியாது, நல்லதை எடுத்துக் கொடுக்க யாருமில்லை. வாசகரின் நேரத்தை விற்று வாழாத, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதையே விதியாகக் கொண்ட ஒரே நிறுவனம் உங்களுடையது. அந்த விதியை வகுத்த சீர்காழி இரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளைச் சொன்னபோது, நூலகம் வளரும் உயிரி என்பதை ஐந்தாவதாக வைத்தார். அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக நூலகம் போனது. மாட்டு வண்டியில் போவது நூலகமா என்று அன்று எவரேனும் கேட்டிருப்பார். 1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டத்தை இயற்றிய மாநிலம் இது. 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தபோது பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவையும், குழந்தைகளுக்கு மரமும் வண்ணமுமாக ஒரு தளத்தையும் அமைத்தீர்கள். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. 2018-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் திறக்கப்பட்ட ஊடி நூலகத்தில், நூல்களுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் இடையே விளையாட்டு அறைகளும் இருக்கின்றன. அங்கே முடிவது இங்கே முடியாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அறை பெரியதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு திரை, திரையில் இணைத்து விளையாடும் பெட்டியான கன்சோல் இரண்டு, இரண்டு கணினி, ஒலி வெளியே கேட்காதபடி ஹெட்போன், சேர்ந்து ஆடுவதற்குக் கையில் பிடித்து இயக்கும் நான்கு கன்ட்ரோலர் இருந்தால் தொடங்கிவிடலாம். விரல்களை முழுமையாகப் பயன்படுத்த இயலாதவர்களுக்கென்று 2018 முதல் விற்பனைக்கு வந்திருக்கும், பெரிய பொத்தான்கள் கொண்ட தகவமைப்புக் கன்ட்ரோலர் ஒன்றையும் வாங்கி வையுங்கள். பிரெய்ல் பிரிவு வைத்த துறைக்கு இதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆண் பிள்ளைகள் முதலில் வந்து இடம் பிடித்துக்கொள்வார்கள். வாசலில் நிற்கும் பெண்ணுக்கு உள்ளே வா என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும். கட்டணமோ உள்ளே பொருள் வாங்கும் வசதியோ உள்ள எந்த விளையாட்டும் அங்கே வேண்டாம். இணைய இணைப்புகூட முதலில் தேவைப்படாது.

கன்னிமாரா நூலகம் நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கிறது. விளையாட்டுகளுக்கு இங்கே அப்படி ஒரு காவலர் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் முறையாகக் கிடைப்பதில்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டறிந்தது. தமிழர்கள் உருவாக்கும், தமிழைப் பேசும் விளையாட்டுகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன; அவற்றின் ஒரு பிரதியேனும் நம்மிடம் இருக்கட்டும்.

நூல் தேர்வுக் குழுவைப்போல் விளையாட்டுத் தேர்வுக் குழு ஒன்றை அமைக்க நீங்கள் முன்வந்தால், ஆசிரியர்கள், குழந்தை மனநல மருத்துவர்கள், விளையாட்டு உருவாக்குபவர்கள் ஆகியோரோடு, பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்குள் இருக்கும் வாசகர்கள் இருவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது நம்மில் யாருக்கும் தெரியாது. முதல் பட்டியலுக்கு என் பரிந்துரையாக டெட்ரிஸ், வெண்பா, மைன்கிராஃப்ட் ஆகியவற்றோடு, மலையேறும் பெண் ஒருத்தியின் மனப் பதற்றத்தைப் பேசுவதும், ஆட இயலாதவர்களுக்காகக் கடினத்தைக் குறைத்துக்கொள்ள இடம் தருவதுமான செலஸ்ட் என்ற விளையாட்டையும் சேர்க்கிறேன். ஆடு புலி ஆட்டப் பலகையும் பல்லாங்குழியும் அதே அறையில் இருந்தால் மிகவும் மகிழ்வேன். நம் கோயில் மண்டபங்களின் கல் தரையில் ஆட்டக் கட்டங்களைச் செதுக்கிவைத்தவர்களும் வேலையில்லாதவர்கள் இல்லை, கல் சுமந்தவர்கள்தாம் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் நல்ல நிலையில் ஒரு பழைய கன்சோலும், வட்டுகளாக வாங்கிய 22 விளையாட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முடித்துப் பார்த்திருக்கிறேன். எந்த வயதினருக்கு ஏற்றது, எங்கே குழந்தைகள் திணறுவார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அவற்றைக் குறிப்பேட்டோடு சேர்த்து எங்கள் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். அறையில் உட்கார ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நான் வந்து உட்காருகிறேன். என் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. கொட்டகைக்குள் என்னைச் சேர்த்துக்கொள்ளாததற்கு ஈடாக என்று சொன்னான்.

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.